கிழவிக்கும் பசிக்கும், பாப்பா

ஆயர் ஈத்தாம், பினாங்கு
செவ்வாய்க்கிழமை ராத்திரி

அன்பு மகளுக்கு,

உன் நாவலின் ஏழு அத்தியாயத்தையும் படித்துவிட்டேன். உன் அண்ணன் மகன் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தாகப் பிரிண்ட் எடுத்து, கம்பிச் சுருள் போட்டுக் கொண்டுவந்து தந்தான். இருநூற்றுப் பதினான்கு பக்கம். ஒன்பது நாள் ஆயிற்று. ஓரத்தில் பென்சிலால் நிறைய கிறுக்கியிருக்கிறேன், அதை அவன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். ஓரத்தில் கொள்ளாததற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். சர்க்கஸ் கூடாரம் ஏற்றுகிற காட்சி நன்றாக வந்திருக்கிறது. கலாசிகள் பாட்டுக் கட்டிக் கயிறு இழுப்பதும், நடுக்கம்பம் எழும்போது துணி முதலில் காற்றுக் குடித்து அப்புறம் நிமிர்வதும், நான் பார்த்தது போலவே இருக்கிறது. நீ பார்த்ததில்லையே, எப்படி எழுதினாய்?

இனி பிழைகள். உன் கதை 1962-இல் நடக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் யானைகள் வரிசையாகப் பினாங்குப் பாலத்தில் நடந்து வருகின்றன. அம்மாடி, பாலம் திறந்தது 1985-இல். அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து நீயே போனாயே, மறந்துவிட்டதா? அடுத்த அத்தியாயத்தில் உன் கதாநாயகன் "மலேசியா எனக்குப் பிடித்துவிட்டது" என்கிறான். 1963 செப்டம்பர் 16-ஆம் தேதிதான் மலேசியா பிறந்தது. அவன் நின்றது மலாயாவில். டிக்கெட்டுக்கு இரண்டு ரிங்கிட் கொடுக்கிறாள் உன் நாயகி. அரசாங்கம் அதிகாரபூர்வமாக ரிங்கிட் என்று பெயர் வைத்தது 1975-இல். வெள்ளி என்று எழுது. இன்றைக்கும் நான் பசாரில் வெள்ளி என்றுதான் கேட்கிறேன், அவர்களும் கொடுக்கிறார்கள்.

ரிங்கின் குறுக்களவு அறுபது அடி என்று போட்டிருக்கிறாய். நாற்பத்திரண்டு. பேரன் தேடிப் பார்த்துச் சொன்னான். 1768-இல் லண்டனில் ஆஸ்ட்லி என்ற குதிரைக்காரர் வட்டத்தில் குதிரையை ஓடவிட்டு, அதன் முதுகில் நின்று காட்டியிருக்கிறார். அதிலிருந்து வந்த அளவாம். வட்டம் இந்த அளவு இருந்தால் ஓடுகிற குதிரை உள்பக்கமாகச் சாயும், மேலே நிற்பவன் விழாமல் நிற்பான். உலகத்தில் எந்த ஊர் சர்க்கஸ் குதிரையும் இன்னொரு ஊர் சர்க்கஸில் போய் ஓடலாம், ஒரே வட்டம். எனக்கு இந்த அளவு முன்பே தெரியும். ரிங்கைச் சுற்றிய வேலிக்குச் சிவப்புத் துணி உறை தைத்தது நாங்கள்தானே. நாற்பத்து நான்கு கஜத் துணி, பாதிக்கு மேல் நான் மிதித்தது.

இதை உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அத்தைப் பாட்டியின் தையல் கடை குவீன் ஸ்ட்ரீட்டில் இருந்தது தெரியும். மாரியம்மன் கோயிலுக்கு நாலு கடை தள்ளி, கடைவாசல் நடையான அஞ்சடியிலேயே ஒரு மெஷின், உள்ளே ஒரு மெஷின். எனக்குப் பதினேழு வயசு. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்து அத்தையிடம் இருந்தேன். உன் கதை நடக்கிற அதே 1962-இல் டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கத் திடலில் இந்தியாவிலிருந்து ஒரு சர்க்கஸ் வந்து ஏழு வாரம் போட்டது. கம்பெனிப் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். அவர்களுடைய தையற்காரர் வழியில் எங்கேயோ காய்ச்சலில் தங்கிவிட்டார். மேனேஜர் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது அத்தை, "சர்க்கஸ் உடுப்பா? துணி கம்மி, வேலை ஜாஸ்தி. சரி" என்று ஒப்புக்கொண்டாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை பத்து மணிக்கு நான் மூட்டையைக் கொண்டுபோவேன். நீ எழுதியிருக்கிற மாதிரி ஒளியும் இசையும் ஒன்றும் அப்போது இருக்காது. பகலில் சர்க்கஸ் தோட்டத்து லய வீடுகள் மாதிரிதான். துணி காயும், அடுப்பு புகையும், ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்ப்பாள். உள்ளே பழக்கம் நடக்கும். பெரும்பாலும் தலைச்சேரி, கண்ணூர்ப் பக்கத்துப் பெண்கள். ஏன் எல்லாரும் ஒரே பக்கம் என்று அப்போது தெரியாது. 1880-இல் பம்பாயில் சாத்ரே என்பவர் இந்தியாவின் முதல் சர்க்கஸைத் தொடங்கினாராம். அது தலைச்சேரிக்கு வந்தபோது கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி வாத்தியார் பார்த்திருக்கிறார். 1901-இல் அங்கே சர்க்கஸ் பள்ளிக்கூடமே வைத்துவிட்டார். அந்த ஊரிலிருந்து கண்ணன் பொம்பாயோ என்று ஒருவர் அமெரிக்காவின் பெரிய சர்க்கஸ் வரைக்கும் போய்க் கயிற்றில் ஆடினார். இதையெல்லாம் உன் நாவலில் யாராவது ஒரு கிழவர் வாயில் வைத்துச் சொல்லலாம். ஆனால் உன் கிழவர்கள் யாரும் ஒன்றும் தெரிந்தவர்களாக இல்லை. அதற்கும் வருகிறேன்.

அந்தப் பெண்களில் ஒரு அக்கா. உயரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகிற பார் விளையாட்டில் பறக்கிறவர்களில் மூத்தவள். வயசு இருபத்தெட்டு. மற்றவர்கள் அவளைச் சிரித்துக்கொண்டே "கிழவி" என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே அவள் வயசில் எங்கள் தெருப் பெண்கள் மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவள் என்னைத் துணி மறைவுக்குக் கூப்பிட்டு, நீல உடுப்பின் இடுப்பைக் காட்டி, ஒன்றரை அங்குலம் விடச் சொன்னாள். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. மேனேஜருக்குத் தெரியக்கூடாது. உள்ளே மடிப்பில் ஒரு அங்குலத்துக்குத்தான் துணி இருந்தது. அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்ன முக்கோணத் துண்டு வைத்து, மேலே ஜிகினாவை நெருக்கித் தைத்து மறைத்துக் கொடுத்தேன். நான் தனியாகச் செய்த முதல் திருட்டு வேலை அதுதான், நன்றாகவே செய்தேன். ஏன் இடுப்பு பெருத்தது என்று நான் கேட்கவில்லை. கடைசி வாரம் அவளைப் பாரிலிருந்து இறக்கி, நாய்க்குட்டி விளையாட்டில் தட்டு நீட்டுகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். அந்த நீல உடுப்பு வேறொரு சின்னப் பெண்ணுக்கு வந்தது. முக்கோணத் துண்டுகளைப் பிரித்து எடுத்ததும் நான்தான்.

உன் நாவலில் பெண்கள் காதலால் அழுகிறார்கள். இடுப்பளவால் அழுகிற ஒருத்தியைச் சேர்.

யானைகளைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் ஒரு யானையின் நெற்றியை அளவெடுத்திருக்கிறாயா? அத்தை எடுத்தாள். இரண்டு பெண் யானைகளுக்கு முகபடாம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறி நின்றாள். நான் கீழே நோட்டும் பென்சிலுமாக நின்றேன். யானையின் தோலில் முடி, தேங்காய் நார் பிரஷ் மாதிரி, டேப் அதில் சிக்கிக்கொண்டது. துதிக்கை நுனி என் கையிலிருந்த சாக்குக்கட்டியை முகர்ந்து பார்த்து, ஈரம் பண்ணி, வேண்டாம் என்று விட்டுவிட்டது. அத்தை நெற்றியிலிருந்து காது வரைக்கும் சொன்ன அளவைக் கேட்டு மேனேஜர், "காதுக்குப் பின்னால் இன்னும் நாலு அங்குலம் விடுங்கள்" என்றார். அத்தை காதை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அங்குசம் பட்ட புண். பழசும் இருந்தது, புதுசும் இருந்தது. அதன் மேல் விளக்குக் கரி பூசியிருந்தார்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. நாலு அங்குலம் விட்டாள். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இந்தியாவில் 1998-இல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வித்தை காட்ட வைக்கக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டதும், சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டு 2001-இல் உச்ச நீதிமன்றம் வரை தோற்றதும் உனக்குத் தெரியும், முன்னுரையில் எழுதியிருக்கிறாய். நியாயமான உத்தரவுதான். ஆனால் உன் முன்னுரையில் எல்லாக் குற்றமும் ரிங் மாஸ்டரின் சாட்டையில் இருக்கிறது. நாலு அங்குலம் கூட்டித் தைத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எங்களையும் எழுது.

இப்போது நீ காத்துக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில், "அம்மா, உனக்குச் சர்க்கஸ் பற்றி எப்படி இவ்வளவு தெரியும்?" என்று கேட்டாய், நான் இருமல் வந்த மாதிரி போனை வைத்துவிட்டேன்.

ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்லமாட்டேன், நீ நாவலில் போட்டுவிடுவாய். தஞ்சாவூர்ப் பக்கம். பேண்டில் கிளாரினெட். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் படுத்து, வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தவன். அழகன் கிடையாது. உன் கதாநாயகன் போல மார்பு விரிந்தவனும் இல்லை. கீழுதட்டின் உள்பக்கம் காய்ப்பு ஏறிப்போய், சிரித்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணும். வாயில் வைத்து ஊதுகிற ரீடை அவன் நாதஸ்வரக்காரர் மாதிரி சீவாளி என்றுதான் சொல்வான். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் ஆலாபனை பண்ணுவதை ரேடியோவில் கேட்டு இந்த வாத்தியத்துக்கு வந்தவன். சர்க்கஸில் வந்து பார்த்தால் குதிரைக்கு ஓட்டப் பாட்டு, கோமாளி விழுந்தால் ஒரு கீச்சு. "எனக்கு இங்கே கிடைக்கிற ஒரே நல்ல சாப்பாடு பார் விளையாட்டுத்தான்" என்பான். அதற்கு மெதுவான மூன்று தட்டுப் பாட்டு. ஊஞ்சல் போய்த் திரும்புவதற்கும் அந்தத் தாளத்துக்கும் பொருத்தம் உண்டு. மேலே நிற்கிறவள் கையில் வெள்ளைப் பொடி தடவிக்கொண்டு காத்திருப்பதே பாட்டின் ஒரு இடத்துக்காகத்தான். "எல்லாரும் பறக்கிறவளைப் பார்ப்பார்கள். நீ தலைகீழாகத் தொங்கிப் பிடிக்கிறவன் கையைப் பார்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன். இன்றைக்கும் எங்கே எதைப் பார்த்தாலும் என் கண் பிடிக்கிறவன் கைக்குத்தான் போகிறது.

எப்படிப் பழக்கம் என்று கேள். பேண்டுக்காரர் கோட்டில் பித்தளைப் பொத்தான். ஒன்று விழுந்துவிட்டது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டான். தைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அடுத்த பொத்தான். அப்புறம் கைப்பக்கம் ஒன்று. ஐந்தாவது தடவை கோட்டை வாங்கிப் பார்த்த அத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பித்தளைப் பொத்தான் தானாக விழாது. இது பல்லால் கடித்த நூல்."

அவ்வளவுதான் பாப்பா. ஏழு வாரத்தில் ஒன்பது தடவை பேசியிருப்போம். கையைக்கூடத் தொட்டதில்லை, கோட்டைத் தொட்டேன். உன் ஆறாம் அத்தியாயத்தில் இரண்டு பேரும் நடுராத்திரியில் யானை மேல் ஏறி ஓடிப்போகிறார்களே, எங்கே போவார்கள்? இது தீவு! யானையில் எவ்வளவு தூரம் போனாலும் விடியும்போது பாலிக் புலாவில் நிற்கவேண்டியதுதான். ஓடிப்போகிற அளவுக்கு எங்களுக்கு எண்ணமும் இல்லை, காசும் இல்லை. அவன் சம்பளத்தில் பாதி நேராக ஊருக்குப் போனது. பெண்கள் கூடாரத்துக்கு வெளியே ஒரு பாட்டி நாற்காலி போட்டுக் காவல். எனக்கு ஐந்து மணிக்குள் வீடு. பெரிய தடை, பெரிய வில்லன் எல்லாம் நீ தேடுகிறாய். பதினேழு வயசில் ஐந்து மணி என்பதே பெரிய வில்லன்தான்.

அவனுக்குப் புலிக்குப் பயம் இல்லை. பீடிக்குப் பயம். கேலரிக்குக் கீழே யாராவது பீடி பற்றவைத்தால் வாசிப்பை நிறுத்தாமலே கண்ணால் தேடுவான். கூடாரத் துணியில் மழை இறங்காமல் இருக்க மெழுகு ஏற்றியிருப்பார்கள், அது பிடித்தால் நிற்காது என்பான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். 1944-இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் அப்படித்தான், மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசிய கூடாரம் பற்றி நூற்றறுபதுக்கு மேல் செத்துப்போனார்கள். அங்கே பேண்டு மாஸ்டர் முதலில் நெருப்பைப் பார்த்து, ஆபத்து என்றால் மட்டும் வாசிக்கிற ஒரு அணிவகுப்புப் பாட்டை வாசிக்கத் தொடங்கினாராம். கூட்டத்துக்கு அது வெறும் பாட்டு, சர்க்கஸ்காரர்களுக்கு அது எச்சரிக்கை. எங்கள் கதை நடந்ததற்கு முந்தின டிசம்பரில் பிரேசிலில் நித்தெரோய் என்ற ஊரில் ஐந்நூறு பேர். 1981-இல் பெங்களூரில் தொண்ணூற்றிரண்டு பேர், பெரும்பாலும் பிள்ளைகள். பேரன் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியபோது நான் அந்தப் பீடியைத்தான் நினைத்தேன். உன் நாவலில் நெருப்பு வேண்டாம். பாட்டை மட்டும் வை. யாரோ ஒருவன் வாசித்துக்கொண்டே கண்ணால் தேடட்டும்.

கம்பெனி கிளம்பின விதம் அழகாக இல்லை. எங்களுக்கு அறுபத்து மூன்று வெள்ளி பாக்கி. சனிக்கிழமை கணக்கு முடிக்கலாம் என்றார்கள். வியாழக்கிழமை ராத்திரியே கூடாரம் இறங்கிவிட்டது. யாரோ ஓடிவந்து சொல்ல, அத்தை பில் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டிரைஷா பிடித்தாள், நானும் ஏறிக்கொண்டேன். ஃபெரித் துறையில் யானைகள் நின்றன. இரும்புப் பாலப்பலகையில் முன்னங்காலை வைத்து, அழுத்திப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தன. லோரிகளெல்லாம் பின்னால் காத்துக்கொண்டிருந்தன. திருப்தி வந்த பிறகுதான் முதல் யானை ஏறியது, மற்றது அதன் வாலுக்குப் பின்னால் போனது. நாங்கள் தைத்த முகபடாம் அதன் மேல்தான் இருந்தது. அந்தப் பக்கம் பிறை ஸ்டேஷனில் ரயில். மேனேஜர் முந்தின ஃபெரியில் போய்விட்டார். அத்தை பில்லை நீட்டிக்கொண்டு யானைப்பாகனிடம் சத்தம் போட்டாள். அவன் என்ன செய்வான், பாவம். பேண்டுக்காரர்கள் மேல்தட்டில் இருந்திருக்க வேண்டும். இருட்டு. எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது, கடை விலாசத்துக்கு, என் பெயருக்கு. அத்தை கையில் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தாள். "ஒன்றுமில்லை, பொத்தான் எல்லாம் கெட்டியாக இருக்கிறதாம்" என்றாள். பிறகு அதை நாலாக மடித்து, அஞ்சடியிலிருந்த சிங்கர் மெஷினின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள். தரை பள்ளம், அந்த மெஷின் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஆட்டம் நின்றது.

அது என் மெஷின். பதினோரு வருஷம் அதன் மேல்தான் மிதித்தேன். பள்ளிச் சீருடை, தைப்பூசத்துக்கு மஞ்சள் வேட்டி, என் கல்யாண ரவிக்கை, உனக்குத் தொட்டில் துணி. எடுத்துப் படித்திருக்கலாமே என்பாய். குனிந்தால் எடுக்கலாம். எடுத்தால் மெஷின் ஆடும், அத்தைக்குத் தெரியும். முதல் வருஷம் அத்தைக்குப் பயந்தேன். பிறகு பயம் போய்விட்டது, ஆனாலும் எடுக்கவில்லை. அது ஏன் என்று என்னிடம் கேட்காதே, நாவல் எழுதுகிறவள் நீதான். 1973-இல் கடையைக் காலி செய்து மெஷினைத் தூக்கியபோது எடுத்தேன். எண்ணெய் இறங்கி இறங்கி எழுத்து முழுக்கக் கருத்துப்போயிருந்தது. ஈப்போ முத்திரையில் பாதி தெரிந்தது.

அப்பாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அத்தைதான் சொல்லியிருப்பாள். 1978-இலோ 79-இலோ ஒரு சர்க்கஸ் வந்தபோது உங்களை அழைத்துப்போனோமே, உனக்குப் பஞ்சுமிட்டாய் மட்டும் ஞாபகம் இருக்கும். எல்லாரும் பார் விளையாட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நுழைவாசலுக்கு மேலே இருந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை காலி, ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. "இப்போதெல்லாம் ரெக்கார்டுதான் போடுகிறார்கள் போலிருக்கிறது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் எனக்கு மட்டும் ஒரு மங்கு செண்டோல் வாங்கிக் கொடுத்தார். உங்களுக்குத் தரவில்லை, நீங்கள் அழுதீர்கள்.

சரி, இப்போது என் பெரிய புகாருக்கு வருகிறேன். உன் நாவல் ஒரு முதியோர் இல்லத்தில் தொடங்குகிறது. ஜன்னலோரத்தில் ஒரு கிழவி. மழை பெய்கிறது. அவள் நினைக்கிறாள், உடனே 1962. அத்தியாயம் முடிவில் திரும்பி வந்தால், அதே ஜன்னல், அதே மழை, அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஏழு அத்தியாயமாக அந்தக் கிழவி ஒரு வாய் சாப்பிடவில்லை. கழிவறைக்குப் போகவில்லை. யாரோடும் சண்டை இல்லை. அவளுக்குப் பிடிக்காத நர்ஸ்கூட இல்லை. அவளை நீ ஒரு கதவு மாதிரி வைத்திருக்கிறாய், திறந்து உள்ளே போய் இளசுகளைப் பார்ப்பதற்கு. இளமைக்காரிக்கு இருநூறு பக்கம், கிழவிக்கு ஒரு ஜன்னல்.

எனக்கு எண்பது. ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்து பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்துப் பஞ்சுப் பொட்டலத்தில் குத்தி வைத்துவிட்டுப் போவான். அதுதான் என் வாரக் கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் ஊசி தீர்ந்துவிட்டால் மாடியில் இருக்கிற சீனத்திப் பாட்டியிடம் போவேன். அவள் ஹொக்கியனில் திட்டிக்கொண்டே கோத்துத் தருவாள், அவளுக்கு எழுபத்தாறுதான், இளசு. வலது கண்ணில் புரை எடுத்த மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். பத்து வருஷமாகப் பச்சை என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த சேலை நீலம்! அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. எத்தனை பேருக்கு நிறம் மாற்றி நூல் போட்டுத் தைத்தேனோ, ஒருவரும் சொல்லவில்லை, மரியாதையாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் வேறு மாதிரி சொல்வதற்குள். செவ்வாய்க்கிழமை முட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் அல்லவா, அங்கே ஒருவர் வருகிறார். ஃபெரியில் வேலை பார்த்து ஓய்வானவர், என்னைவிட இரண்டு வயசு சின்னவர், மனைவி தவறி ஆறு வருஷம். கார் ஏற்றுகிற பழைய ஃபெரிகளை 2020 கடைசியோடு நிறுத்தியதை இன்னும் மன்னிக்கவில்லை. 2023-இல் வந்த புதுசில் ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான் ஏறலாம், "இது ஃபெரியா, மிதக்கிற பஸ்" என்கிறார். எனக்கு மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறார், மேலே தன் குடையைப் போட்டு. உன் நாவலைப் படித்துக்கொண்டிருந்த வாரம் யானை ஃபெரி ஏறின கதையை அவரிடம் சொன்னேன். உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. காதல் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "யானை ஏறும்போது ஃபெரி எந்தப் பக்கம் சாய்ந்தது?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்கு மறுபடி கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது படுத்தால் அதுதான் யோசனை. அறுபத்து மூன்று வருஷத்துக்கு முந்தின இருட்டில் கிளாரினெட்டைத் தேடிக்கொண்டிருந்தவள், இப்போது ஃபெரி சாய்ந்த பக்கத்தைத் தேடுகிறேன்.

உடனே போன் போட்டு "அம்மா, அது யார்?" என்று கத்தாதே. ஒரு நாற்காலி, அவ்வளவுதான். நான் சொல்லவந்தது வேறு. என் செவ்வாய்க்கிழமைக்கு நான் திங்கட்கிழமை ராத்திரியே சேலை எடுத்து வைக்கிறேன். அந்தக் கிழவிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை கொடு. அதற்காக 1962-ஐக் குறைத்தாலும் பரவாயில்லை, யானைச் சவாரி முழுவதையும் வெட்டினால் இருபத்தாறு பக்கம் மிச்சமாகும், எண்ணிப் பார்த்தேன்.

பாரிலிருந்து இறக்கப்பட்ட அந்த அக்கா இருந்தால் இப்போது தொண்ணூற்றுக்கு மேல். கேரளாவில் பழைய சர்க்கஸ்காரர்களுக்கு அரசாங்கம் ஓய்வூதியம் கொடுக்கிறதாம், அவளுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இருபத்தெட்டு வயசில் கிழவி என்று பெயர் வாங்கினவள் அதற்கப்புறம் அறுபது வருஷம் என்ன செய்திருப்பாள்? எனக்கு அந்த நாவலைப் படிக்க ஆசை.

தபால் அட்டை என்னிடம்தான் இருக்கிறது. அனுப்பமாட்டேன், கேட்காதே. வரும்போது பார்க்கலாம்.

எட்டாம் அத்தியாயம் தொடங்கும்போது கிழவி காலையில் எழுந்து என்ன செய்தாள் என்று எழுது. தெரியாவிட்டால் போன் பண்ணு. பதினொரு மணிக்கு மேல் பண்ணு, அதற்கு முன்னால் நான் பசாருக்குப் போயிருப்பேன்.

அன்புடன்,
அம்மா